சூஷின்குரா அச்சுப்படங்களில் ஐரோப்பிய ஆழமும் நிழலும்

கேள்வி இது: சூஷின்குரா நாடகக் காட்சிகளைக் காட்டும் ஜப்பானிய மர அச்சுப்படங்களில் ஐரோப்பிய ஓவியத்தின் சாயல் இருக்கிறது என்கிறார்களே, அது எங்கே தெரிகிறது? மரப்பலகையில் அதை எப்படிக் கொண்டுவந்தார்கள்? அப்படி ஒரு படம் கைக்கு வந்தால் எதைப் பார்த்து எடைபோடுவது?

ஐரோப்பாவிலிருந்து இந்தப் படங்களுக்குள் வந்தவை முக்கியமாக மூன்று. தூரத்தில் கோடுகள் சேர்வதாகத் தோன்றும் ஒற்றைப் புள்ளியை, அதாவது மறைபுள்ளியை, நோக்கிக் கோடுகள் ஓடும் பெர்ஸ்பெக்டிவ், பொருளின் நிழல், பிரஷ்ய நீலம் என்ற சாயம். மூன்றும் ஒரே நாளில் வரவில்லை, ஒரே வழியாகவும் வரவில்லை. பெர்ஸ்பெக்டிவ் சுமார் 1740-ல் வந்துவிட்டது. நிழலும் நீலமும் நாடக அச்சுப்படங்களில் வேர்பிடிக்க 1830 வரை ஆயிற்று. ஓவியர்கள் மூன்றையும் மொத்தமாக அள்ளிப் போட்டுக்கொள்ளவும் இல்லை. நாடகத்தின் எந்த அங்கத்துக்கு எது உதவியதோ அதை மட்டும் எடுத்தார்கள். அதனால் இந்தப் படங்களை அங்கம் அங்கமாகப் பார்ப்பதே சரியான வழி என்பது என் கருத்து.

முதலில் கதை. 1701-ல் எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டைக்குள் அசானோ நாகனோரி என்ற பிரபு, கிரா யோஷினாகா என்ற அதிகாரியை வாளால் வெட்டினார். அன்றே அவருக்குத் தற்கொலைத் தண்டனை. தலைவனை இழந்த அவருடைய வீரர்கள் 1703 ஜனவரி இறுதியில், பனி மூடிய ஓர் இரவில், கிராவின் மாளிகைக்குள் புகுந்து பழிதீர்த்தார்கள். சமகாலச் சம்பவத்தை மேடையேற்ற அரசு தடை விதித்திருந்தது. எனவே 1748-ல் ஒசாகாவின் தகேமோத்தோ பொம்மலாட்ட அரங்குக்காக எழுதப்பட்ட ‘கனதேஹோன் சூஷின்குரா’, கதையை 14-ஆம் நூற்றாண்டுக்கு நகர்த்திப் பெயர்களையும் மாற்றியது. அசானோ, என்யா ஹங்கன் ஆனார். கிரா, மோரோனாவோ ஆனார். வீரர்களின் தலைவர் ஓயிஷி, ஓபோஷி யுரானோசுகே ஆனார். சீக்கிரமே நடிகர்கள் நடிக்கும் கபுகி மேடையும் இதை எடுத்துக்கொண்டது. வசூல் படுத்த அரங்கை எழுப்பும் மருந்து என்று இந்த நாடகத்தை அரங்கத்தார் சொல்வது வழக்கம்.

பதிப்பாளர்களுக்கும் இது வசதியான கதை. பதினோரு அங்கங்கள், அங்கத்துக்கு ஒரு தாள், வாங்குபவருக்கு முழு வரிசையும் வேண்டும். அதைவிட முக்கியமானது, கதை நடக்கும் இடங்கள்: கோயில் வளாகம், அரண்மனைத் தாழ்வாரம், பெரிய தேநீர் விடுதி, மதில் சூழ்ந்த மாளிகை. எல்லாமே கட்டடங்கள். பெர்ஸ்பெக்டிவ் படிக்க வந்தவனுக்கு நேர்க்கோடுகள்தானே தேவை!

மேற்கத்திய நூல்களின் இறக்குமதித் தடையை நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுன் யோஷிமுனே 1720-ல் தளர்த்தினார். நாகசாகியின் தேஜிமா தீவில் இருந்த டச்சு வணிகர்கள் வழியாகப் புத்தகங்களும் செப்புத்தகட்டு அச்சுகளும் வந்தன. ஆனால் ஜப்பானிய அச்சு ஓவியர்கள் பெர்ஸ்பெக்டிவைக் கற்ற முதல் பாடநூல் ஐரோப்பியப் படங்களாக மட்டும் இருக்கவில்லை. ஐரோப்பிய முறையை ஏற்கனவே உள்வாங்கியிருந்த சீனத்து சூச்சோ நகர அச்சுகளும் அதில் பெரும்பங்கு வகித்தன. 1740-ஐ ஒட்டி ஒகுமுரா மசனோபு இந்த முறையில் கபுகி அரங்கின் உட்புறத்தை வரைந்தார். இருபுறமும் மாடங்கள், தொங்கும் விளக்குகள், நடுவே கூட்டம், எல்லாக் கோடுகளும் மேடையை நோக்கி. இந்த வகைப் படத்துக்கு உகி-எ என்று பெயர். உகி-எ-யின் மூலவர் நானே என்று மசனோபு தன் படங்களில் கையொப்பத்தோடு பொறித்துக்கொண்டார். ஆக, ஐரோப்பிய ஆழம் ஜப்பானிய அச்சில் தொடக்கத்திலேயே நாடக அரங்கத்துக்குள்தான் நுழைந்திருக்கிறது.

அடுத்த பெரிய ஆள் உத்தாகவா டொயோஹாரு (1735–1814). வெனிஸ் நகரப் பெருங்கால்வாயைக் காட்டும் ஓர் ஐரோப்பியச் செப்புத்தகட்டுப் படத்தை அவர் மரத்தில் வெட்டி, செம்மயிர்க்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், துறைமுகம் என்று தலைப்பிட்டு வெளியிட்டார். ஊர் தவறு. ஆனால் நீர்ப்பரப்பும் இருகரைக் கட்டடங்களும் பின்னோக்கிச் சுருங்கும் விதத்தை அவர் கை பிடித்துவிட்டது. அதே கையால் சூஷின்குரா உகி-எ வரிசையும் வரைந்தார். கிதாவோ மசயோஷியும், ஷுன்ரோ என்ற பெயரில் இயங்கிய இளம் ஹொகுசாயும் இதே வகையில் வரைந்தவர்கள். டொயோஹாருதான் உத்தாகவா பள்ளியின் முதல்வர். அவருடைய சீடர்கள் டொயோகுனி, டொயோஹிரோ. டொயோகுனியின் சீடர் குனியோஷி, டொயோஹிரோவின் சீடர் ஹிரோஷிகே. 1830-களில் இந்த இருவரும் சூஷின்குரா வரைந்தபோது பெர்ஸ்பெக்டிவ் அவர்களுக்கு அந்நியச் சரக்காக இல்லை. பள்ளியில் கைமாறி வந்த பாடம் அது.

இனி ஒரு படத்தை நெருங்கிப் பார்ப்போம். ஏழாம் அங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கியோத்தோவின் இச்சிரிகி தேநீர் விடுதி. குடிகாரனாக நடித்து எதிரியை ஏமாற்றும் யுரானோசுகே, தாழ்வார விளக்கொளியில் ஒரு நீண்ட ரகசியக் கடிதத்தைப் படிக்கிறார். மாடியில் நிற்கும் ஒகாரு என்ற விடுதிப் பெண் கைக்கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் படிக்கிறாள். தாழ்வாரத்துக்கு அடியில் ஒளிந்த ஒற்றன் குதாயு, கீழே தொங்கும் கடிதத்தின் நுனியைப் படிக்கிறான்.

உகி-எ பாணியில் உள்ள ஏழாம் அங்கப் படத்தின் மேல், கணினித் திரையிலேயே போதும், ஒரு அளவுகோலை வையுங்கள். தத்தாமிப் பாய்களின் ஓரப்பட்டை, கதவுச் சட்டத்தின் மேல்விட்டம், கூரையின் குறுக்குச் சட்டங்கள் ஆகியவற்றைப் பின்னோக்கி நீட்டினால் அவை ஏறக்குறைய ஒரு புள்ளியில் சேரும். பிறகு தோட்டத்துக்கும் வெளிமதிலுக்கும் வாருங்கள். அங்கே கோடுகள் பெரும்பாலும் வேறு புள்ளிக்குப் போகும், அல்லது சேரவே சேராமல் இணையாக ஓடும். உள்ளறை ஐரோப்பிய முறையிலும், வெளிப்புறம் மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் பழைய கிழக்காசிய முறையிலும் இருக்கும். ஒரே தாளில் இரண்டு தொடுவானம்.

இதை ஓவியரின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது அவசரத் தீர்ப்பு. ஜப்பானிய வீட்டின் உள்ளறை, பாய் அளவில் கட்டமிட்ட ஒரு வரைதாள். கோட்டை நீட்டினால் ஆழம் தானாக வந்துவிடும். மரம், பாறை, குளம் ஆகியவற்றில் பிடித்துக்கொள்ள நேர்க்கோடு இல்லை. அங்கே ஆழம் காட்ட நிறமும் ஒளியும் வேண்டும், அவை இன்னும் வந்து சேரவில்லை. இன்னொன்று, மாடியில் ஒகாரு, நடுவில் யுரானோசுகே, அடியில் குதாயு என்று கதை மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கிறது. மறைபுள்ளி முன்னிருந்து பின்னாக அடுக்கும். இரண்டையும் சேர்க்க வேண்டியிருந்ததால், பின்தளத்தில் இருந்தாலும் முக்கியப் பாத்திரத்தை ஓவியர் சுருக்கவில்லை. கட்டடம் கணக்குப்படி சிறுக்கிறது, நாயகன் சிறுக்கவில்லை. யார் முக்கியம் என்பதை அளவால் சொல்வது மேடையின் இலக்கணம். அதை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

அதே படத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். காட்சி இரவு. விளக்கு எரிகிறது. தரையில் யாருக்கும் நிழல் இல்லை.

அந்த இடத்தைத்தான் குனியோஷி நிரப்பினார். 1830-களின் தொடக்கத்தில் அவர் வரைந்த பதினோராம் அங்கத்து இரவுத் தாக்குதல், நாடகக் கதை அச்சுகளில் ஐரோப்பியப் பாணியின் உச்சம் என்று நான் தயங்காமல் சொல்வேன். பனி படர்ந்த தரை, மாளிகையின் உயர்ந்த சுவர், ஏணி வைத்து ஏறும் வீரர்கள், குரைக்காமல் இருக்க நாய்களுக்குத் தீனி போடும் ஒருவன். வெண்பனியின் மேல் ஆட்களின் நிழல் விழுந்து கிடக்கிறது. யாருடைய முகமும் பெரிதாக இல்லை. தனி நாயகன் இல்லாமல், குளிரும் அமைதியும் கூட்டமாக நகரும் மனிதர்களுமே படத்தின் பொருள். அதற்கு முந்தைய பதினோராம் அங்கப் படங்களில் வாள்வீச்சும் ஆரவாரமும்தான் நிறைந்திருக்கும்.

இந்தக் கட்டட அமைப்பு அவர் கற்பனை அன்று. டச்சுப் பயணி யோஹான் நியூஹோஃப் எழுதி 1682-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான கிழக்கிந்தியப் பயண நூலில் படேவியாவின், அதாவது இன்றைய ஜகார்த்தாவின், மாளிகை ஒன்றைக் காட்டும் செப்புத்தகட்டுப் படம் உண்டு. அதன் அமைப்பைத்தான் குனியோஷி எடுத்து எடோ மாளிகையாக மாற்றினார் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் படத்தோடு படம் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். பெற்றோரைப் பேணிய இருபத்துநான்கு நன்மக்களைப் பற்றிய அவருடைய பிற்கால வரிசை ஒன்றும் அதே நூலிலிருந்து உருவங்களை எடுத்திருக்கிறது. நம் வாசகர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் தகவல்: நியூஹோஃப் தூத்துக்குடிக்கும் வந்தவர். அந்த ஊரின் கடற்கரைப் படமும் அதே நூலில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டுத் தூத்துக்குடி என்று நாம் அடிக்கடி பார்க்கும் படமும் குனியோஷியின் இரவும் ஒரே புத்தகத்தோடு தொடர்புடையவை.

செப்புத்தகட்டில் நிழல் என்பது நெருக்கமான மெல்லிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக. மரப்பலகையில் அதை அப்படியே வெட்டலாம், ஆனால் அச்சிட அச்சிட மெல்லிய மேடுகள் நசுங்கி மை அடைத்துக்கொள்ளும். அதனால் கோட்டால் செய்ததைத் தொனியால் செய்தார்கள். முறை இப்படி.

ஓவியர் மெல்லிய தாளில் வரைந்த மூலத்தைக் காட்டுச் செர்ரி மரப்பலகையில் முகம் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டு மீதியைச் செதுக்குவார்கள். மூலத்தாள் இதிலேயே அழிந்துவிடும். அந்தக் கோட்டுப் பலகையிலிருந்து சில பிரதிகள் எடுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் எந்த இடம் என்று குறித்து, நிறப் பலகைகளை வெட்டுவார்கள். நிழலும் ஒரு நிறம்தான். அதற்கென்று தனிப் பலகை, நீர்த்த கரிமை. ஒவ்வொரு பலகையிலும் தாளைப் பொருத்த இரண்டு குறிகள் உண்டு: வலது கீழ்மூலையில் ‘ட’ வடிவ வெட்டு, இடப்பக்கம் கீழ்விளிம்பில் நேர்வெட்டு. இந்தக் குறிகளுக்குக் கெந்தோ என்று பெயர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பனிக்கும் நிழலுக்கும் நடுவே வெள்ளைக் கீற்று விழும்.

பிசகுக்குப் பெரும்பாலும் காரணம் தாள். கோசோ மரப்பட்டை நாரில் செய்த தாளுக்கு வஜ்ஜிரப் பசையும் படிகாரமும் கலந்த நீர் பூசி, காயவைத்து, அச்சிடும் முன் மறுபடி ஈரப்படுத்தி அடுக்குவார்கள். முதல் பலகைக்கும் கடைசிப் பலகைக்கும் இடையில் ஈரம் குறைந்தால் தாள் சுருங்கும், அப்போது எந்தக் குறியும் உதவாது. படிகார நீர் போதாவிட்டால் சாம்பல் நிறம் ஊறிப் பரவி நிழலின் விளிம்பு கலங்கும். அளவு மீறினால் தாள் அமிலத்தன்மை ஏறிக் காலப்போக்கில் நொறுங்கும்.

வானம் மேலே அடர்ந்து கீழே வெளுக்கும் சாய்தொனிக்கு ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, தூரிகையின் ஒரு முனையில் மட்டும் சாயம் தொட்டு, ஒரே வீச்சில் குறுக்கே இழுத்து, உடனே தாளை வைத்துப் பாரென் என்ற மூங்கில் உறை போர்த்திய வட்ட அழுத்தியால் தேய்ப்பார்கள். ஒரே தடவையில் அடர்த்தி வராது. இரண்டு மூன்று தடவை அச்சிட்டால்தான் இரவு வரும். பலகையில் நீர் அதிகமானால் சாயம் திட்டுத் திட்டாக ஓடும். அரிசிப்பசை போதாவிட்டால் எள் தூவியது போலப் புள்ளி விழும். நிழலின் விளிம்பே மென்மையாக வேண்டுமென்றால் செதுக்கிய மேட்டின் ஓரத்தைச் சரிவாகச் சீவி, சொரசொரப்பான குதிரைவால் செடித்தண்டால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். சாய்தொனியைக் கையால் போடுவதால் எந்த இரண்டு பிரதியும் ஒரே இரவைக் காட்டாது. இணையத்தில் ஒரே படத்தின் நான்கு பிரதிகள் நான்கு வெளிச்சத்தில் தெரிவது இதனால்தான்.

நீலத்தைப் பற்றி. பிரஷ்ய நீலம் 18-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் பெர்லினில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஜப்பானில் அதற்குப் பெரோ-ஐ என்று பெயர். அச்சில் பரவலானது 1829–30-ஐ ஒட்டி. அதற்கு முன் இருந்த நீலங்கள் இரண்டு: கானாங்கோழைக் குடும்பத்துப் பூவின் சாறு, அவுரி. பூச்சாற்றுநீலம் ஈரம் பட்டாலே போய்விடும். அவுரியை நுணுக்கமான சாய்தொனிக்கு இழுப்பது கடினம். பிரஷ்ய நீலம் நீரில் சீராக விரவும், கொஞ்சம் போதும், வெளிச்சத்துக்கும் தாங்கும். ஆழமான இரவு வானம் நாடகப் படங்களில் 1830-க்குப் பிறகு பெருகியதற்கு ரசனை மாற்றத்தோடு இந்தச் சாயமும் காரணம்.

ஹிரோஷிகே 1830-களில் வெளியிட்ட சூஷின்குரா வரிசையில் பதினோராம் அங்கத்துக்கு மட்டும் ஆறு தாள்கள் ஒதுக்கினார், மொத்தம் பதினாறு. அவர் ஆழத்தையும் வானிலையையும் எடுத்துக்கொண்டார், முகத்தில் நிழல் போடுவதில் அவருக்கு நாட்டமில்லை. குனியோஷி அதையும் முயன்றார். 1847–48-ல் அவர் வெளியிட்ட விசுவாச வீரர்களின் வரிசை, வண்ணமும் வீச்சுமாக, ஐம்பதுக்கும் மேற்பட்ட தாள்களாக ஓடிப் பெருவெற்றி கண்டது. 1852-ல் அதே வீரர்களின் முகங்களுக்கு ஐரோப்பிய முறையில் ஒளியும் நிழலும் கொடுத்து இன்னொரு வரிசை தொடங்கினார். பன்னிரண்டு தாள்களோடு நின்றுவிட்டது. சுவருக்கும் பனிக்கும் நிழலை ஏற்ற எடோ வாசகர், நாடக நாயகனின் முகத்தில் அதை ஏற்கவில்லை என்றே நான் வாசிக்கிறேன். வெள்ளை மாவு பூசிய கபுகி முகத்துக்குப் பழகிய கண்ணுக்குக் கன்னத்துச் சாம்பல் நிறம் அழுக்காகத் தோன்றியிருக்கும். என் பார்வையில் அந்தப் பன்னிரண்டும் அவர் செய்த துணிச்சலான வேலைகளில் சேரும்.

இனிக் கையில் ஒரு படம் இருந்தால்.

எந்த அங்கம் என்பதை எழுத்து படிக்கத் தெரியாமலேயே பிடிக்கலாம். தலைக்கவசங்களைப் பெண் ஒருத்தி பார்வையிட்டால் முதல் அங்கம். பைன் கிளையை வாளால் வெட்டினால் இரண்டு. மாளிகைக்குள் வெட்டவரும் ஒருவரைப் பின்னாலிருந்து இன்னொருவர் கட்டிப்பிடித்தால் மூன்று. மழை இரவுச் சாலையில் கிழவரைக் கொல்லும் கொள்ளைக்காரன் ஐந்து. ஃபூஜி மலை தெரிய நடக்கும் தாயும் மகளும் எட்டு. பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்த வணிகர் பத்து. ஆடையில் இரட்டைக் காற்புள்ளிச் சுழல் இருந்தால் அவர் யுரானோசுகே. குறுக்காக வைத்த இரு பருந்திறகு என்யா ஹங்கன் குடும்பத்து முத்திரை. கடைசி அங்கத்து வீரர்களின் சட்டை விளிம்பில் கறுப்பு-வெள்ளை மலைமுகட்டுப் பட்டை ஓடும். ஐந்தாம் அங்கத்துக் கொள்ளைக்காரன் சதாகுரோவைக் கறுப்பு உடையும் நனைந்த குடையுமாக மாற்றியவர் நடிகர் நகமுரா நகாசோ, ஆண்டு 1766. அந்த உடை இருந்தால் படம் அதற்குப் பிந்தியது. பழைய உடை இருந்தால் மட்டும் முந்தியது என்று முடிவு கட்டாதீர்கள், பொம்மலாட்ட வழக்கைப் பின்பற்றிய ஓவியர்கள் பழையதையே வரைந்தார்கள்.

காலத்துக்குத் தணிக்கை முத்திரையே நல்ல சாட்சி. 1790-களின் தொடக்கம் முதல் 1842 வரை ஒரு சிறிய வட்ட முத்திரை. 1843 முதல் தணிக்கையாளரின் பெயர் முத்திரை ஒன்று, 1847 முதல் இரண்டு. 1852 முதல் மாதமும் ஆண்டும் குறித்த முத்திரை சேரும். தணிக்கை முறை 1875-ல் முடிந்தது. 1842-ல் நடிகர் படங்களுக்குத் தடை வந்ததால், அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில் கதைமாந்தரே நடிகரின் சாயலோடு, பெயரில்லாமல் வருவதைக் காணலாம்.

தாளின் அளவையும் பாருங்கள். ஓபன் என்ற பொது அளவு சுமார் 39×26 செ.மீ. ஓரம் வெட்டப்பட்டிருந்தால் ஓரிரு செ.மீ. குறையும், விலையும் குறையும். தாளைத் திருப்புங்கள். சாயம் பின்புறம் ஊறியிருக்க வேண்டும், பாரென் தேய்த்த வட்டத் தடமும் சாய்ந்த ஒளியில் தெரிய வேண்டும். 10 மடங்கு பூதக்கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிக்கட்டம் தெரிந்தால் அது இயந்திர அச்சு, மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. கையால் மறுபடி வெட்டிய பிற்காலப் பிரதியைப் பிடிப்பதுதான் கடினம். அங்கே உகி-எ-யின் நீண்ட நேர்க்கோடுகளே காட்டிக்கொடுக்கும். பழைய பலகை தேயும்போது முதலில் உடைவது சட்டக்கோட்டின் மூலைகளும் பாய் ஓரக் கோடுகளும். அருங்காட்சியகப் பிரதியில் உள்ள உடைவுகள் உங்கள் பிரதியிலும் அதே இடத்தில் இருந்தால் இரண்டும் ஒரே பலகை. எந்த உடைவும் இல்லாமல், கோடு மட்டும் சற்றே தடித்து, வளைவுகள் தயங்கித் தயங்கி ஓடினால் மறுவெட்டு என்று சந்தேகப்படுங்கள். 1780-களின் படம் என்று விற்கப்படும் தாளில் பளிச்சென்ற பிரஷ்ய நீலம் இருந்தால் அதுவும் பிற்கால அச்சு.

பாதுகாப்பில் பலர் தவறுவது ஒன்று உண்டு. பழைய தாளுக்கு நல்லது என்று காரம் (ஆல்கலி) சேர்த்த பாதுகாப்பு உறைகளை வாங்கிப் போடுகிறார்கள். பிரஷ்ய நீலம் காரத்தில் பழுப்பாகிவிடும். இந்தப் படங்களுக்குக் காரம் சேர்க்காத, அமிலமும் இல்லாத நடுநிலைத் தாளே ஏற்றது. குசும்பாப்பூச் சிவப்பு வெளிச்சத்தில் போகும். எனவே மாட்டினால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (ஒளியை அளக்கும் அலகு) மேல் வேண்டாம், அதுவும் வருடத்தில் சில மாதம் மட்டும். மீதிக் காலம் படுக்கைவசமாக, இருட்டில், ஒட்டுநாடா எதுவும் படாமல் வைத்திருங்கள்.